வலது பக்கம் நாலா

தில்லியில் நான் கால்பந்து ஆடிய இடத்துக்கு ஒரே ஒரு கோல்தான் உண்டு. ஜங்புராவில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளுக்கும் பாராபுல்லா நாலாவுக்கும் நடுவில் இருந்த ஒரு துண்டு நிலம் அது. யார் யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடுகளின் மேல் மண் படிந்து, நாளாவட்டத்தில் சமதரை ஆகியிருந்தது. நாலா என்பது பெயருக்குக் கால்வாய். ஊரின் சாக்கடை எல்லாம் சேர்ந்து யமுனைக்குப் போகிற வழி. நிலத்தின் ஒரு முனையில் ரயில் பாதை மேடு. அங்கே இரண்டு செங்கல் குவியல் வைத்தால் கோல். மறுமுனையில் பொதுக் குழாய். எந்நேரமும் பெண்கள் குடம் வைத்துக் காத்திருப்பார்கள். குடத்தில் பந்து பட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் அந்த முனையில் கோல் வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. இரண்டு அணிகளும் ஒரே கோலில்தான் அடிக்கும். பந்தைப் பறித்த அணி குழாய்வரை பின்னால் வந்து, திரும்பி, மறுபடி ரயில் மேட்டை நோக்கிப் போகவேண்டும். அப்படிப் போகும்போது இடப்பக்கம் குடிசைச் சுவர்கள், வலப்பக்கம் நாலா.

இந்த அமைப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆம்பூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் சொல்ல முடியாது. ஓர் இடத்தில் தங்காத உடம்பு, அவ்வளவுதான். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, பெங்களூர், ஹூப்ளி, பூனா என்று ஓட்டலிலும் லாரியிலும் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு பதினேழாவது வயதில் தில்லி வந்தேன். அக்கா கல்யாணமாகி மதராசி கேம்ப்பில் இருந்தாள். ஜங்புராவில் சில வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அவள் குடிசையில் ஏற்கெனவே ஐந்து பேர். ஆறாவதாக வாசலை ஒட்டி நான் படுத்தேன்.

ஏஷியாட், அதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி, வரப்போகிறது என்று அப்போது தில்லி முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தார்கள். லோதி ரோடு பக்கம் ஒரு பெரிய ஸ்டேடியம் எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஜல்லி சுமந்தேன். குளிர் தொடங்கும் சமயத்தில் எங்கள் மேஸ்திரியின் பங்கு வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வேலை கிடைத்த நாளில் சாப்பாடு, கிடைக்காத நாளில் அக்கா வேலை செய்யும் வீடுகளிலிருந்து வரும் ரொட்டி. மாமா, அக்காவின் கணவர், ஒன்றும் சொல்லமாட்டார். நான் சாப்பிடும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதுவே உறுத்தியது.

கேம்ப் பையன்கள் காலையில் வெளிச்சம் வந்ததும் பந்து ஆடுவார்கள். நானும் போய் நின்றேன். அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. பந்து நாலாவில் விழுந்தால் கடைசியாக அதைத் தொட்டவன் இறங்கி எடுக்கவேண்டும். இதில் விலக்கே கிடையாது. காய்ச்சல், புதுச் சட்டை, பண்டிகை எதுவும் செல்லாது. இறங்கியவன் அன்றைக்கு முழுவதும் நாறுவான். குழாயடியில் பெண்கள் கிட்டே விடமாட்டார்கள். வீட்டுக்குள்ளும் விடமாட்டார்கள்.

நான் புதியவன் என்பதால் என்னை வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு வேறு யாரும் ஆசைப்படவில்லை. ஓடுவதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. ஆனால் பந்து என்னிடம் வராது. எனக்கு அடித்து நான் நிறுத்தத் தவறினால், அடித்தவன் அல்லவா இறங்கவேண்டும்? எல்லோரும் இடது பக்கமே, சுவரை ஒட்டியே போனார்கள். சுவர் பந்தைத் திருப்பித் தந்துவிடும். அந்தச் சந்து மாதிரியான இடத்தில் நாலைந்து பேர் நெருக்கிக்கொண்டு குட்டிக் குட்டியாகப் பந்தைத் தள்ளிப் போவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் நாலாக் கரையில் குளிரில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அழகைப் பார்ப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் கோச் வந்தார்.

அவருக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும். லோதி ரோடு ஆபீஸ் ஒன்றில் கிளார்க். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பேசினால் மட்டும் பாளையங்கோட்டையிலிருந்து நேற்று ரயிலில் வந்து இறங்கியவர் போல இருக்கும், இடையிடையே இந்தியோடு. ஆபீஸ் அணியில் ஆடி முழங்கால் போனவர். அவருடைய சின்ன கிளப் ஜூனியர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தது. ஆடுவதாக இருந்த சரோஜினி நகர்ப் பிள்ளைகளைப் பரீட்சை, டியூஷன் என்று வீட்டில் இழுத்துக்கொண்டார்கள். பதினோரு பேர் வேண்டும். அவர் ஆபீஸ் பியூன் ஒருவர் கேம்ப்பில் குடியிருந்தார். அந்த வழியில் எங்களைத் தேடிக்கொண்டு சைக்கிளில் வந்தார்.

வந்த முதல் நாளே எங்களை உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னார். போட்டியின் முதல் சுற்றில் மூன்று ஆட்டம், அதில் கடைசி ஆட்டத்தைப் பார்க்கத் தில்லி ஜூனியர் அணியின் தேர்வாளர்கள் வருவார்கள். நன்றாக ஆடுகிறவர்களை எடுத்து மூன்று வாரம் ஜூனியர் பயிற்சி கேம்ப் நடத்துவார்கள்.

"தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே. காலைல முட்டையும் பாலும் உண்டு," என்றார்.

மற்ற பையன்கள் பூட்ஸ் தருவார்களா, ஜெர்சி தருவார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காதில் விழுந்தது முட்டையும் பாலும் மூன்று வாரமும் மட்டும்தான். மூன்று வாரம் மாமா வேறு பக்கம் பார்க்கவேண்டியதில்லை.

அவர் கத்துகிற கோச். ஓரத்தில் நின்றுகொண்டு பந்து நகரும்போதெல்லாம் ஒரு கட்டளை போடுவார். "ஏலே, மேல போ. மேல போன்னா வானத்துக்காலே போகச் சொன்னேன்? முன்னால போ, ஜல்தி. நீ அவனப் பிடி. அவன விடு. திரும்பு. பாஸ், பாஸ், அச்சா, இப்ப அடி." நாங்கள் அதுவரை யார் சொல்லியும் ஆடியதில்லை. ஒரு வாரத்தில் பழகிக்கொண்டோம். பந்து காலுக்கு வந்ததும் ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்ப்போம். அவர் சொன்னதும் செய்வோம். அவர் மூச்சு வாங்கும் நேரத்தில் ஆட்டமும் மூச்சு வாங்கும். எங்கள் கேப்டன் பக்கத்து போகல் பஜாரில் சைக்கிள் கடை ஒன்றில் பஞ்சர் ஒட்டுகிறவன், நடுவில் ஆடுவான், வாய்க்காரன். "சாருக்கு ஜலதோஷம் பிடிச்சா நம்ம டீம் படுத்துரும்டா" என்றான்.

முதல் ஆட்டம் ஒரு பள்ளிக்கூட அணியோடு. புல் உள்ள மைதானம். இரண்டு பக்கமும் கோல். நான் வெறும் காலால் அந்தப் புல்லை மிதித்துப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். வலது பக்கம் சுண்ணாம்புக் கோடு, அதற்கு அப்பால் இன்னும் புல், அதற்கும் அப்பால் ஒரு வேலி. அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கியது. எங்கள் ஆட்கள் எல்லோரும் இடது ஓரத்துக்குப் போனார்கள். இல்லாத சுவரை ஒட்டி நெருக்கிக்கொண்டு ஆடினார்கள். கொஞ்ச நேரத்தில் எதிரணி கோச், தலையில் கம்பளிக் குல்லா போட்ட ஒரு பஞ்சாபிக்காரர், தன் பையன்களிடம் சாவகாசமாகச் சொன்னார்: "யே லோக் ரைட் மே ஜாதே ஹி நஹி, யார். சப் இதர் ஆ ஜாவ்." இவர்கள் வலப்பக்கம் போவதே இல்லை, எல்லோரும் இந்தப் பக்கம் வாருங்கள் என்று. சொன்னபடியே வந்தார்கள். எனக்குக் காவலாக நின்றவன்கூட என்னை விட்டுவிட்டுப் போனான். போகும்போது, "நீ ஓய்வெடு, தம்பி" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனான். கை தூக்கிக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பந்தும் வரவில்லை. மூன்று கோல் வாங்கித் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தோம். கோச்சுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அந்தப் பய அம்புட்டு இடத்துல தனியா நிக்கான். ஒருத்தனாவது அவனுக்குக் குடுத்தீங்களாலே?"

கேப்டன் சொன்னான்: "எப்டி சார் குடுக்கறது? பந்து நாலாவுல போயிடும்."

"எங்கடே நாலா?"

கேப்டன் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. புல், வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஐயா நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார். அவன் கையை மெல்ல இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டான். முதலில் நான்தான் சிரித்தேன். பிறகு எல்லோரும் சிரித்தோம். கோச் மட்டும் சிரிக்கவில்லை. வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளிலிருந்து அவருக்கு ஒரே வார்த்தைதான். "ரைட்." பந்து யார் காலுக்குப் போனாலும் "ரைட், ரைட்." கேம்ப் மைதானத்தில் அந்த வார்த்தைக்குப் பலன் இல்லை. பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், நாலாவை ஒரு தடவை பார்ப்பார்கள், இடது பக்கம் போவார்கள். இரண்டாவது ஆட்டத்தில், சுண்ணாம்புக் கோடு போட்ட வேறொரு மைதானத்தில், அது பலித்தது. ஆனால் பலித்த விதம் வேறு. அவர் "ரைட்" என்று கத்தியதும் பந்து வலப்பக்கம் வந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றாலும் வந்தது. நான் கீழே விழுந்து கிடந்தாலும் வந்தது. எதிரணிக்கும் காது உண்டு. அவர் வாயைத் திறக்கும்போதே அவர்கள் என் பக்கம் நகர்ந்தார்கள். எனக்கு ஒரு பந்தும் உருப்படியாகக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஒருவாறு கோல் இல்லாமல் சமன் செய்தோம்.

கடைசி ஆட்டத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. தேர்வாளர்கள் வருவது அதற்குத்தான். பந்தைத் தொடாமல் கரையில் நிற்கிறவனை யார் எடுப்பார்கள்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கோச்சிடம் ஒருநாள் என்னை இடது பக்கம் போடும்படி மட்டும் கேட்டேன்.

"இடது பக்கம் ஏற்கெனவே சரோஜினி நகர் சண்டே மார்க்கெட்டு மாதிரி இருக்கு. நீ எங்கலே போய் நிப்ப?" என்றார். பிறகு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு நாள் பொறு."

இரண்டு நாள் கழித்து அவர் வந்தபோது சைக்கிள் கேரியரில் ஒரு ஜோடி கம்பூட்ஸ், முட்டிவரை வருகிற ரப்பர் பூட்ஸ், கட்டியிருந்தது. ஆபீஸ் தோட்டக்காரரிடம் வாங்கி வந்திருந்தார். ஒரு பழைய பேன்ட்டும் துண்டும் பையில் இருந்தன. குடிசை மறைவில் உடை மாற்றிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"இன்னியிலேர்ந்து பந்து நாலாவுல விழுந்தா நீங்க யாரும் இறங்கப்படாது. அது எம் பொறுப்பு. யார் அடிச்சான், யார் விட்டான்னு பேச்சே கிடையாது. வெளங்குதா?"

கேப்டன்தான், "சார், வலை கட்டிரலாமே" என்றான்.

"இங்க வலை கட்டினா காலைல வலை இருக்குமாலே?"

"இருக்காது சார்."

"பெறகு?"

"உள்ள கண்ணாடி கெடக்கும் சார்."

"அதுக்குத்தான் பூட்ஸு," என்றவர் கரையைப் பிடித்து இறங்கினார். சரிவு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். இறங்கியதும் தலை மறைந்துவிட்டது. கீழே கறுப்புத் தண்ணீரின் ஓரம் சேறும் குப்பையுமாக ஒரு திட்டு இருந்தது. அதில் நின்றுகொண்டு, "ஆரம்பிங்க" என்றார். குரல் மட்டும்தான் வந்தது.

நாங்கள் நம்பவில்லை. ஒரு கிளார்க், வெளுத்த சட்டை போட்டு சைக்கிளில் ஆபீஸ் போகிறவர், எத்தனை பந்துக்குத் தாங்குவார்? கேப்டன் வேண்டுமென்றே ஒரு பந்தை நாலாவுக்குள் அடித்தான். கீழே பொத்தென்று சத்தம். ஒரு வசவை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் பந்து, சேறு வழிய, கரைக்கு மேல் பறந்து வந்தது. பின்னாலேயே குரல்: "அடுத்தது." இன்னொருவன் அடித்தான். அதுவும் வந்தது. அன்று காலை முழுவதும் சோதித்தோம். ஒரு தடவைகூட யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் எனக்கு முதல் பந்து வந்தது. என்னால் நிறுத்த முடியவில்லை. காலுக்கடியில் உருண்டு உள்ளே போனது. அதற்கடுத்ததும் போனது. நான் கரையில் நின்று எட்டிப் பார்த்தேன். அவர் ஒரு குச்சியால் பந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். பேன்ட் முட்டிக்கு மேல்வரை நனைந்திருந்தது. "சார், மன்னிச்சிருங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ஏன் எட்டிப் பாக்க? அங்க ஆட்டம் நடக்குல்லா?" என்றார்.

இன்னொன்றும் நடந்தது. அவர் அதை எண்ணிச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். கீழே நின்ற அவருக்கு மேலே நடப்பது ஒன்றும் தெரியாது. தெரியாததால் கத்தவும் முடியாது. பந்து காலுக்கு வந்ததும் பழக்கத்தில் ஓரத்தைத் திரும்பிப் பார்ப்போம். அங்கே ஆள் இருக்கமாட்டார். இரண்டு நாள் தடுமாறினோம். மூன்றாவது நாள் பார்த்தால், கேப்டன் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்க்கிறான். யார் எங்கே நிற்கிறான் என்று அவனே பார்த்தான். "டேய், ஆம்பூர், வர்றியா?" என்று கேட்டான். என்னிடம் ஒருவன் ஆட்டத்துக்கு நடுவில் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். பின்னால ஆள் வர்றான், எனக்குக் குடு, நில்லு, அப்புறம் போ. கோச் சொன்ன அதே கட்டளைகள்தான். யாருக்குத் தேவையோ அவனே இப்போது சொன்னான்.

கேம்ப்பில் எல்லோருக்கும் அவர் வேடிக்கைப் பொருள் ஆனார். வேலைக்குப் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னாடா, உங்க ஆபீசருக்கு நாலாவுலதான் டூட்டியா?" என்று அக்கா கேட்டாள். பார்த்துவிட்டு வந்த பிறகு அப்படிக் கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு டின்னில் வெந்நீர் வைத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனாள், ஒரு துண்டு சோப்போடு. வரிசையில் நின்ற பெண்கள் குடங்களை நகர்த்தி இடம் விட்டார்கள். அந்த வரிசையில் யாருக்கும் யாரும் இடம் விட்டு நான் பார்த்ததில்லை. அவர் கூச்சத்தோடு, "எதுக்குக்கா, பச்சத் தண்ணி போதும்" என்றார். "ஆபீசுக்கு இப்டியே போனீங்கன்னா பக்கத்துல யாரு ஒக்காருவா? குளிங்க தம்பி" என்றாள் அக்கா. குளிர் ஏற ஏறத் தினமும் டின் போனது. விறகு வாங்கியது மாமா என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு வாரத்துக்கு மேல் இப்படிப் போனது. கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு காலை. பனி மூட்டம். ஆட்டம் நெடுநேரமாக நடந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து அவர் குரல் வந்தது, கோபமாக.

"ஏலே, ஏன் பந்தே வரல? மறுபடி அந்தச் சுவரயே கட்டிப் பிடிச்சு அழுதீங்களா?"

கேப்டன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கரைக்குப் போனான். "இல்ல சார். ரைட்லதான் போறோம்."

"பொய் சொல்லாதலே. ரைட்ல போனா பந்து வரணும்லா?"

"இவன் நிறுத்திர்றான் சார்."

நானும் போய்க் கரையில் நின்றேன். அவர் அந்தத் திட்டில், கையில் குச்சியோடு, அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையுமா?"

"ரெண்டு மூணு போவும் சார்," என்றேன்.

"அச்சா," என்றார். பிறகு, "சரி, அப்ப நான் சும்மாத்தான் நின்னுருக்கேன்" என்றார். ஆனாலும் மேலே ஏறி வரவில்லை.

கடைசி ஆட்டம் வேலி போட்ட முதல் மைதானத்திலேயே நடந்தது. எதிரணி வேறு. ஆனால் எங்களைப் பற்றிக் கேட்டு வைத்திருந்தார்கள் என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. பாதி ஆட்கள் எங்கள் இடது பக்கத்தில் கும்பலாக நின்றார்கள். நடுக்கோட்டை ஒட்டி ஒரு மேஜை போட்டு இரண்டு தேர்வாளர்கள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கோச் ஆட்டம் தொடங்கும் முன் எங்களை ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் நடந்துபோய் வலது பக்க வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். பழக்கத்தில் பேன்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டிருந்தார். ஆளை மறைக்கிற உயரத்துக்குச் செடி வளர்ந்த வேலி அது.

தேர்வாளர்களில் ஒருவர் கேப்டனைக் கூப்பிட்டு இந்தியில், "உங்கள் கோச் எங்கே?" என்று கேட்டார்.

"செடிக்குப் பின்னாடி இருக்கார், சாப்."

"அங்கே என்ன செய்கிறார்?"

"பந்து எடுத்துத் தருவார், சாப்."

முதல் பந்து எனக்கு வந்தபோது என்னைச் சுற்றி ஆளே இல்லை. பந்து காலில் இருக்கும்போது அவ்வளவு இடத்தை நான் பார்த்ததில்லை. மிரண்டு பலமாகத் தட்டிவிட்டேன். பந்து வேலிக்கு மேல் போய் விழுந்தது. மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முட்டையும் பாலும் வேலியைத் தாண்டிப் போய்விட்டதாகவே நினைத்தேன். அதற்குள் பந்து செடிக்கு மேலாகத் திரும்பி வந்து என் காலடியில் விழுந்தது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்பது தவிர வேறெதுவும் தெரியவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

கேப்டன் மறுபடி எனக்கே அடித்தான். ஒருமுறை இழந்த பிறகும் எனக்கே அடித்தான். இந்தத் தடவை நிறுத்தினேன். கோட்டை ஒட்டி ஓடினேன். ஓடுவது ஒன்றுதான் எனக்குத் தெரியும். கடைசிக் கோடுவரை போய்ப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டேன். நடுவில் வந்த கேப்டன் அடித்தது கோல். இடது பக்கம் நின்றிருந்த எதிரணி ஆட்கள் மெல்ல மெல்ல என் பக்கம் வரவேண்டியதாயிற்று. அவர்கள் வந்ததும் கேப்டன் தலையை நிமிர்த்திப் பார்த்து இடது பக்கம் விட்டான். எங்கள் பழைய சுவர் ஆட்டம் அங்கே தயாராக இருந்தது. இரண்டாவது கோல் அப்படி வந்தது. அவர்களும் இரண்டு போட்டார்கள். சமன். புள்ளி போதாமல் போட்டியிலிருந்து வெளியே வந்தோம்.

தேர்வாளர்கள் எங்கள் அணியில் இரண்டு பேரை எடுத்தார்கள். கேப்டனையும் என்னையும்.

வீட்டில் சொன்னபோது அக்கா, "கேம்ப்பா? நாம இருக்கறதும் கேம்ப்தானேடா, அதுக்கு ஏன் பொட்டி கட்டற?" என்றாள். பெட்டி எதுவும் என்னிடம் இல்லை. மாமா தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். "ராத்திரில குளிரும்" என்றார். அன்றைக்கு நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று வாரமும் முட்டை கொடுத்தார்கள், பால் கொடுத்தார்கள். கட்டிலில் படுத்தேன். அங்கே இருந்த கோச்சுகளுக்கு விசில் இருந்தது, கரும்பலகை இருந்தது, அதில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். நிறையக் கற்றுக்கொண்டேன். கடைசியில் தில்லி அணிக்குக் கேப்டனை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. வேகம் இருக்கிறது, அடிப்படை இல்லை என்றார்கள். உண்மைதான். எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் மூன்று வாரம் நல்ல சாப்பாடு சாப்பிட்ட உடம்போடு வருத்தப்படுவது எளிது என்பதையும் அப்போது தெரிந்துகொண்டேன். அந்த உடம்போடு போய் நின்றதால்தான் பிறகு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்க எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து அடுத்த ஊர், அடுத்த வேலை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குக் கீழே வேலை பார்த்தேன். எல்லோரும் கட்டளை போட்டார்கள். இதைச் செய், அப்படிச் செய், ஜல்தி செய். ஒவ்வொரு தடவையும் என் மனம் ஒன்றைத்தான் கவனிக்கும்: இது தவறிப்போனால் யார் இறங்குவது? அதற்கு எங்கள் கோச் சொன்ன பதிலை வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பதிலை ஒரு தடவை காதால் கேட்டவன் நான், அதைச் சொல்கிறேன்.

ஜூனியர் கேம்ப்பிலிருந்து திரும்பிய மறுநாள் காலை நாலாக் கரைக்குப் போனேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. என்னோடு திரும்பிய கேப்டன் எனக்கு முன்பே வந்து ஆடிக்கொண்டிருந்தான். என் இடத்தில் வேறொருவன் ஓடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அதே கம்பூட்ஸ், அதே குச்சி.

"வந்துட்டியா? முட்டை குடுத்தானுவளா?"

"குடுத்தாங்க சார்."

"தெனமுமா?"

"தெனமும் சார்."

"கொஞ்சம் சதை வச்சிருக்கு," என்றார். "சரி, போய் ஆடு."

நான் போகவில்லை. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சரிவில் இறங்கினேன். "நீங்க மேல போங்க சார். நாங்க இப்ப எப்டி ஆடறோம்னு நீங்க பாத்ததே இல்ல," என்றேன். அவர் மறுத்தார். குச்சியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கரையைப் பிடித்து ஏறிப் போனார். கீழே நிற்கும்போதுதான் தெரிந்தது, அங்கிருந்து உண்மையாகவே ஒன்றும் தெரியாது. வானமும் கரையின் விளிம்பும்தான். கால்களின் சத்தம் வரும், போகும். இத்தனை நாள் இவர் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாரா என்று நினைத்தேன்.

மேலே ஆட்டம் தொடர்ந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அந்தக் குரல் தொடங்கியது.

"அச்சா, அச்சா. ஏலே, இப்ப விடு. ரைட்டு. இல்ல, லெப்ட்டு. நீ ஏன் அங்க நிக்க? மேல போலே. பாஸ், பாஸ்."

கொஞ்ச நேரம் போனது. ஆட்டம் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. கேப்டனின் குரல் கேட்டது, மிகவும் மரியாதையாக.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க கீழயே இருங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கரை விளிம்பில் அவர் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்து, "ஏலே, அந்தப் பூட்ஸக் கழட்டு" என்று கையை நீட்டினார்.